மூணு நகர்ந்தா ரெண்டு இறங்கும்

மூணு நகர்ந்தா ரெண்டு இறங்கும். இப்படித்தான் எழுதி வச்சிருக்கா ஜெசிந்தா, கணக்குப் பேப்பரோட ஓரத்துல, பென்சில்ல, பொடிப் பொடியா, ஏதோ பஸ் ஸ்டாண்டுக்கு வழி சொல்ற மாதிரி. அடியே, இது பரிட்சைப் பேப்பர்டி. ஃபார்முலா எங்க, ஸ்டெப் எங்க, ஆகவேங்கிற அந்த மூணு புள்ளி எங்க. ரெண்டு புள்ளியக் குடுத்து கோட்டோட ஈக்குவேஷன் கேட்டா இந்த ஹால்ல எல்லாரும் ஒரே மாதிரிதான எழுதுவோம், முதல்ல ஸ்லோப், அப்புறம் அந்த நீள ஃபார்முலா, அப்புறம் குறுக்குப் பெருக்கல், கடைசியில எல்லாத்தையும் இடது பக்கம் தள்ளி வலது பக்கம் ஒரு முட்டை. பத்தாங்கிளாஸ் மொத்தத்துக்கும் ஒரே கை. இவ மட்டும் y = 4 − (2/3)x அப்படின்னு ஒரு வரி எழுதி, கீழ ரெண்டு கோடு இழுத்து, முடிச்சுட்டா. ஆன்சர் கீ-ல இருக்கிறது 2x + 3y − 12 = 0. கோமதி மிஸ் இப்பதான் மேடையில நின்னு வாசிச்சாங்க. அவங்க ஹிஸ்டரி மிஸ், கணக்குக் கீயை மளிகைச் சிட்டை மாதிரி வாசிக்கிறாங்க. "பதினாலாவது. டூ எக்ஸ் ப்ளஸ் த்ரீ ஒய் மைனஸ் ட்வெல்வ் ஈக்வல் டு ஜீரோ. அப்படியே இருந்தா டிக், அஞ்சு மார்க். இல்லன்னா இன்ட்டு. யோசிக்காதீங்க, யோசிக்கிறதுக்கெல்லாம் மார்க் கிடையாது." எல்லாரும் சிரிச்சாளுங்க. நானும் சிரிச்சேன், பல்லைக் கடிச்சுக்கிட்டு. என் கையில சிவப்புப் பேனா. இந்த ஹாஸ்டல் ஸ்கூல்ல டீச்சர் திருத்துறதெல்லாம் கிடையாது, சனிக்கிழமை மத்தியானம் பக்கத்துல உக்காந்திருக்கிறவ பேப்பரை நீ திருத்தணும், உன்னோடதை அவ திருத்தணும். ஒருத்திய ஒருத்தி அறுத்துக்கோங்கன்னு கத்தியையும் அவங்களே குடுத்துடுவாங்க. அம்பதுக்கு நாப்பது வாங்கினாதான் நாளைக்கு, ஞாயித்துக்கிழமை, வீட்டுக்குப் போன். நாப்பதுக்குக் கீழன்னா போன் இல்ல. ஜெசிந்தாவுக்கு இந்தப் பதினாலாவதை விட்டுட்டு, மிஸ் இன்னும் வாசிக்காத கடைசி ரெண்டையும் நானே மனசுக்குள்ள போட்டுப் பாத்துக் கூட்டிட்டேன். முப்பத்தேழு.

இன்ட்டு போடு. போட்டுட்டு அடுத்ததுக்குப் போ சாருமதி. உன் வேலை அதான். தகரக் கூரை காயுது, அதுல இருந்து இறங்குற சூடு உச்சந்தலையில கை வச்சு அமுக்குற மாதிரி இருக்கு, ஃபேன் ஒவ்வொரு சுத்துக்கும் ஒரு தடவை டொக்குன்னு தட்டுது, எவனோ கதவைத் தட்டுற மாதிரி, யாருமே திறக்காத கதவு. காத்து திரும்பினா கோழிப்பண்ணை நாத்தம். வந்த முதல் வாரம் வாந்தி எடுத்தேன், இப்பல்லாம் அந்த நாத்தத்துலயே தயிர்சாதம் இறங்குது, அதுதான் எனக்குப் பயமே, பழகிடுச்சே. ஜன்னல் கம்பிக்கு அந்தப் பக்கம் காம்பவுண்டு சுவர், அதுக்கு அந்தப் பக்கம் ஹைவேஸ், ஒரு கோணலும் இல்லாம நேரா போகுது, லாரிங்க போகுது, அதுல ஒண்ணுல முருங்கைக்காய் மூட்டை இருக்கும், எங்கூரு மூட்டை, ஒட்டன்சத்திரத்துல எங்கப்பா நின்னு ஏத்திவிட்ட மூட்டை. அவரு இந்தச் சுவரைத் தாண்டிதான் லோடு அனுப்புறாரு, உள்ள நான் இருக்கேன். புதன்கிழமை வர்றாரு. என்னைப் பாக்க இல்ல. பதினொண்ணாவதுக்கு இங்கயே சீட்டுன்னு ஆபீஸ்ல கையெழுத்துப் போட. போட்டா இன்னும் ரெண்டு வருஷம் இதே கூரை, இதே டொக்கு. ஆபீஸ்ல பேரண்ட்ஸ் வந்தா நம்மளக் கூப்பிடக் கூட மாட்டாங்க, பொண்ணு படிக்கிறா சார் தொந்தரவு வேண்டாம்னு காபி குடுத்து அனுப்பிடுவாங்க. அதனால நாளைக்குப் போன்தான். நாளைக்கு ஒரு தடவைதான். என்ன சொல்லணும்னு வாரம் பூரா வாய்க்குள்ளயே சொல்லிப் பாத்து வச்சிருக்கேன், சாப்டியாப்பா நல்லாருக்கியாப்பா ஒண்ணும் கிடையாது, போனை எடுத்ததும் "அப்பா கையெழுத்துப் போடாத," முதல் மூச்சுலயே, வார்டன் அக்கா கையை நீட்டிப் பிடுங்குறதுக்குள்ள. போன ஞாயித்துக்கிழமையே சொல்லியிருப்பேன். போன ஞாயித்துக்கிழமை எனக்குப் போன் இல்ல. ஏன்னா நான் வாயைத் திறந்தேன். தணிகாசலம் சார் போர்டுல y = mx + c போட்டு, "உலகத்துல இருக்கிற எந்த நேர்கோட்டையும் இதுக்குள்ள அடைச்சிடலாம்மா"ன்னாரு. அடைச்சிடலாம்ங்கிற வார்த்தை எனக்கு ஆகல. எந்திரிச்சேன். "சார், x = 3?" "என்ன x = 3?" "நெட்டுக்குத்தலா நிக்கிற கோடு சார். அதுக்கு ஸ்லோப்பே கிடையாதுல்ல. m-க்கு என்ன போடுவீங்க?" "அது இதுல வராது, உக்காரு." "வராதுன்னா எந்தக் கோட்டையும்னு ஏன் சார் சொன்னீங்க?" அவ்ளோதான். கிளாஸ் முடியுற வரைக்கும் வாசல்ல நெட்டுக்குத்தலா நின்னேன், ஞாயித்துக்கிழமை போனும் போச்சு. பரிட்சைக்கு இல்லாத கேள்வி கேட்டதுக்கு அதான் விலை. அதுக்கப்புறம் வாயைத் திறக்கிறதில்லன்னு இருக்கேன். இருக்கணும். நாளைக்கு வரைக்குமாவது இரு தாயே.

ஆனா இது அதே கோடுதான். கண்ணுல குத்துதே. (3, 2) போட்டுப் பாரு. மூணு போட்டா மூணுல ரெண்டு பங்கு ரெண்டு, நாலுல ரெண்டு போனா ரெண்டு, சரி. (−3, 6) போடு. மைனஸ் மூணுன்னா ரெண்டு போறதுக்குப் பதிலா கூடுது, ஆறு, சரி. ரெண்டு புள்ளியும் அதுமேலதான் உக்காந்திருக்கு, ரெண்டு புள்ளி வழியா ரெண்டு நேர்கோடு போகுமா? ஒண்ணுதான் போகும், ஒண்ணே ஒண்ணுதான். மூணால பெருக்கி இந்தப் பக்கம் தள்ளினா அந்த மளிகைச் சிட்டையே வருது. ஒரே ஆளு, யூனிஃபார்ம் போடல, அவ்ளோதான். ஓரத்துல எழுதியிருக்கிறதைப் படிச்சா இன்னும் எரியுது எனக்கு, ஏன்னா நல்லாருக்கு. மைனஸ் மூணுல இருந்து மூணுக்கு வர ஆறு நகரணும், அதுக்குள்ள ஆறுல இருந்து ரெண்டுக்கு நாலு இறங்குது, அப்ப மூணு நகர்ந்தா ரெண்டு இறங்கும், சைபர்ல நிக்கும்போது நாலு. கோடு அவளுக்கு ஏதோ படி மாதிரி தெரிஞ்சிருக்கு, இறங்கிப் போயிருக்கா. எனக்கு இப்படித் தோணவே இல்லையே. இவளுக்குத் தோணியிருக்கு, இந்த பக்கெட்காரிக்கு. பத்து நாளா நாங்க பேசுறதில்ல. குழாயடியில அவ பக்கெட்டை வரிசையில வச்சுட்டு எங்கயோ போயிட்டா, நான் நகர்த்தி என்னோடதை வச்சேன், அவ வந்து, ரொம்பின என் பக்கெட்டைக் காலால தள்ளிக் கவுத்துட்டா. தண்ணி நின்னுபோச்சு. அன்னைக்குக் குளிக்காம கிளாஸுக்குப் போனேன். "ஆளில்லாத பக்கெட்டுக்கு என்னடி வரிசை"ன்னேன். "ஆளு இங்கனதாம்ட்டி இருந்தேன்"னா. அதோட சரி. நான் ஸாரி சொல்லப் போறதில்ல, அவளும் சொல்ல மாட்டா. அவ எங்க இருந்தான்னு அப்புறம் வேற எவளோ சொன்னா. ஆபீஸ் ஜன்னல்கிட்ட நின்னிருக்கா, அக்காவுக்கு நாள் நெருங்கிடுச்சு, ஆஸ்பத்திரியில சேத்துட்டாங்களான்னு மட்டும் கேட்டுச் சொல்லுங்க மிஸ்னு. "நாப்பது வாங்கு, நீயே கேட்டுக்கோ"ன்னு அனுப்பிட்டாங்க. அந்த நாள் இந்த வாரம்தான். குழந்தை இந்நேரம் பிறந்தே இருக்கும். தூத்துக்குடியில ஒரு குழந்தை கத்திக்கிட்டு இருக்கு, அதோட சித்திக்கு அது ஆணா பொண்ணான்னு தெரியாது, ஏன்னா 2x + 3y − 12-னு அவ எழுதல.

பேனா மூடியைக் கடிச்சு கடிச்சு பிளாஸ்டிக் ருசி வாயெல்லாம். டிக் போடலாம். போட்டா என்ன ஆகும்? அதை யோசி முதல்ல. சார் வருவாரு, வந்து கட்டுல இருந்து நாலஞ்சு பேப்பரை உருவுவாரு, கீ-ல இல்லாத விடைக்கு டிக் இருந்துச்சுன்னா திருத்தினவ யாரும்பாரு, அப்புறம் திருத்தினவளோட பேப்பரும் வெளிய வரும், ரெண்டு பேரும் சேந்து பண்டமாத்து பண்ணியிருக்காளுங்களான்னு பாக்க. என் பேப்பர்ல என்ன இருக்கு? நாப்பத்திரண்டு வரும் எனக்கு, மனசுக்குள்ள போட்டுப் பாத்துட்டேன், பதினாலாவது கரெக்ட், கீ எப்படியோ அப்படியே, ஒரு புள்ளி பிசகாம... அது எப்படி? நான் அந்தக் கணக்கைப் போட்டேனா? போட்ட மாதிரியே ஞாபகம் இல்லையே. கொஸ்டின் பேங்க்ல பதினெட்டாம் பக்கம், மேல மூலையில காபிக் கறை, இந்தப் புள்ளிங்க, இந்த விடை, அப்படியே கண்ணுல நின்னுச்சு, இறக்கி வச்சேன். முதல் வரியில ஸ்லோப். ஆறுல ரெண்டு போனா நாலு, கீழ மைனஸ் மூணு மைனஸ் மூணு, அது மைனஸ் ஆறு. நான் என்ன எழுதினேன்? ஆறுன்னு எழுதினேன். நாலு பை ஆறு, ரெண்டு பை மூணு. மைனஸ் போடல. ஐயோ. மைனஸ் போடல நான். கழுத்துக்குப் பின்னாடி வேர்வை ஒண்ணு இறங்குது, அதுக்குத் தெரியுது எந்தப் பக்கம் இறங்கணும்னு. அந்த ஸ்லோப்பை வச்சு மேல போனா 3y = 2x தான் வரும், அது சைபர் வழியா மேல ஏறிப் போற கோடு, அடுத்த வரியில நானே வெக்கமில்லாம 2x + 3y − 12 = 0-னு எழுதியிருக்கேன், அது கீழ இறங்குற கோடு. ஏறிக்கிட்டே இருந்த கோடு ஒரு வரியில திரும்பி இறங்கிடுச்சு, யாருக்கும் சொல்லாம. வேற வேற கோடு ரெண்டும். கீ-யை வச்சுத் திருத்தினா தப்பாப் போட்ட எனக்கு அஞ்சு, சரியாப் போட்ட அவளுக்கு முட்டை. மனப்பாடம் பண்றவளுங்களை மாடுன்னு திட்டினது யாரு? மெஸ்ஸுல நின்னு, தட்டைக் கையில வச்சுக்கிட்டு, மெனக்கெட்டு, நான்தான். இப்ப அந்தப் பேப்பர் யார் கையில இருக்கு? இவ கையில. மெதுவாத் திரும்பிப் பாக்குறேன், தலையைத் திருப்பாம, கண்ணை மட்டும். ஜெசிந்தாவோட பேனா பதினாலாவதுலதான் நிக்குது. மைனஸ் இருக்க வேண்டிய எடத்துல. அவளுக்குத் தெரிஞ்சிடுச்சு. இறங்குற கோட்டைப் படி மாதிரி பாத்தவளுக்கு அது தெரியாமலா போகும். பேனா முனை அந்தக் காலி எடத்தைத் தொட்டுட்டு மேல வந்துச்சு. டிக் போட்டா. அஞ்சு. நிதானமா. என் பக்கம் பாக்கவே இல்ல. கீ-ல அப்படித்தான இருக்கு, போட வேண்டியதுதான அவ வேலை. பழி தீத்திருக்கலாமே கழுதை, கையைத் தூக்கி மிஸ்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என் போன் அவுட்டு. சொல்லித் தொலைச்சிருந்தா நானும் நிம்மதியா இவளுக்கு இன்ட்டு போட்டுட்டுப் போயிருப்பேன்.

போடு. வாயை மூடிக்கிட்டுப் போடு. அப்பா கையெழுத்துப் போடாத, அப்பா கையெழுத்துப் போடாத, அதை மட்டும் நினைச்சுக்கிட்டு. பேனாவை வச்சுட்டேன். இன்ட்டுவோட முதல் கோடு, இடமிருந்து வலமாக் கீழ, சிவப்பா, அவ எழுதின நாலு மேல ஆரம்பிச்சு x மேல முடியுது. இறங்குற கோடு. பாதி இன்ட்டு. இன்னொரு பாதி குறுக்க இழுக்கணும், கையைத் தூக்கி மேல கொண்டு போய், அவ்ளோதான், ஒரு நொடி. கை மேல போக மாட்டேங்குது. கோமதி மிஸ் பதினஞ்சாவது வாசிச்சுட்டாங்க, பதினாறும் வாசிச்சுட்டாங்க, முன்னாடி பெஞ்சுல பேப்பரைக் கட்டுறாளுங்க, டொக்கு, டொக்கு. அந்தக் குழந்தை ஆணா பொண்ணா? எனக்கு எதுக்குடி அது. எனக்கு எதுக்கு. முனை இறங்கி நின்ன எடத்துலயே நிக்குது, மை ஊறிப் புள்ளியா பெருசாகுது, அங்க இருந்தே, தூக்காம, மேல இழுத்தேன், வலது பக்கமா, தாளோட விளிம்பு வரைக்கும். டிக். கேவலமான, யானைத் தும்பிக்கை மாதிரி ஒரு டிக். அதுக்குக் கீழயே சிவப்புல, மூணால பெருக்கி, 3y = 12 − 2x, தள்ளினா 2x + 3y − 12 = 0, எழுதிட்டு அஞ்சுன்னு போட்டேன். உருவுற நாலஞ்சுல இது வராது. வர்றதுக்கு வாய்ப்பே இல்ல. வந்துச்சு. எப்படி வராம இருக்கும், அந்த டிக்கு கட்டுக்கு வெளிய வரைக்கும் இல்ல நீட்டிக்கிட்டு இருந்துச்சு.

"யாரு திருத்தினது இது?" தணிகாசலம் சார் பேப்பரை வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடிச்சுக்கிட்டுக் கேட்டாரு. "நான்தான் சார்." "நீயா." அந்த நீயாவுல போன வாரம் மொத்தமும் இருந்துச்சு. "கீ என்ன சொல்லுதும்மா?" "கீயும் இதையேதான் சார் சொல்லுது. மூணால பெருக்கிப் பாருங்க." கோமதி மிஸ் உஸ்ஸுன்னாங்க. "என்னையே பெருக்கச் சொல்றியா?" "யாரு பெருக்கினாலும் அதேதான் சார் வரும்." பின்னாடி எவளோ சிரிச்சா. போச்சு, வாய் திறந்துடுச்சு, இனிமே அதை மூட எனக்குத் தெரியாது. சார் உதடு லேசா அசைஞ்சுச்சு, பெருக்கினாரு, எனக்குத் தெரியும் பெருக்கினாரு. ஓரத்துல பென்சில்ல இருந்ததைப் படிச்சாரு. ரொம்ப நேரம் படிச்சாரு. முகத்துல ஏதோ ஒண்ணு இளகின மாதிரி இருந்துச்சு, உடனே அதை மூடிட்டாரு. "சரிதான். ஆனா பப்ளிக்ல இப்படி எழுதினா திருத்துறவனுக்கு மண்டை காஞ்சிடும். ஸ்டெப்புக்கு ஒண்ணு குறைச்சு நாலு." நாப்பத்தொண்ணு. ஜெசிந்தா மூச்சு விடுற சத்தம் எனக்குக் கேட்டுச்சு. "சரி, உன் பேப்பர் எங்க?" வந்துச்சா. ஜெசிந்தா கை என் பேப்பர் மேல இருந்துச்சு, எடுக்கவே இல்ல, "கூட்டல் இன்னும் முடிக்கல சார்"னா. "நான் கூட்டிக்கிறேன், குடு." குடுத்தா. ரெண்டாவது வரியிலயே அவரு விரல் நின்னுடுச்சு. "இது மேல ஏறுது. இது கீழ இறங்குது. எப்படிம்மா?" எல்லாத்துக்கும் பதில் வச்சிருக்கிறவ நான். "மனப்பாடம் சார்." இந்தத் தடவை யாரும் சிரிக்கல. "செங்குத்துக் கோட்டுக்காக என்கிட்டச் சண்டை போட்ட புள்ள நீ"ன்னாரு, திட்டுற மாதிரி இல்ல, அதுதான் இன்னும் மோசமா இருந்துச்சு. "விடைக்கு மட்டும் ஒண்ணு. முப்பத்தெட்டு. நாளைக்குப் போன் கிடையாது. அந்தப் பொண்ணு கீ-யைப் பாத்துதான் போட்டிருக்கு, அது மேல தப்பில்ல." பேப்பர் என் மடியில வந்து விழுந்துச்சு.

இப்ப எல்லாரும் டீக்குப் போக வரிசையில நிக்கிறாளுங்க, நான் எந்திரிக்கல. புதன்கிழமை அப்பா வருவாரு, பேனாவை வாங்கி, அவரு கையெழுத்துப் போடுறப்ப நாக்கை லேசாக் கடிச்சுக்குவாரு, பேருக்குக் கீழ ஒரு கோடு இழுப்பாரு, நேராவே வராது அவருக்கு. ரெண்டு வருஷம். ஜன்னல்ல ஹைவேஸ் அப்படியே இருக்கு. இந்தத் தகரத்துக்குக் கீழ ரெண்டு வருஷம். யாரையும் குத்தம் சொல்ல முடியாது, அந்த மைனஸை விட்டது நான், வாயைத் திறந்ததும் நான், திருப்பி அதே பேப்பர் வந்தா திரும்பவும் திறப்பேன், அதுதான் என் தலையெழுத்து. பக்கத்துல ஆளு நகரல. வரிசை போகுது, இவ போகல. "ஏட்டி." பத்து நாளைக்கு அப்புறம் அந்தக் குரல். நான் திரும்பல. "ஏட்டி சாரு, ஒங்கப்பா நம்பரச் சொல்லு." "எதுக்கு?" "நாளைக்கு எங்கம்மைட்ட சொல்லுதேன். கையெழுத்துப் போடாதீயன்னு ஒங்கப்பாட்ட போன் போட்டுச் சொல்லச் சொல்லுதேன்." "உனக்கெப்படித் தெரியும்?" "வாரம் பூரா பக்கத்துல உக்காந்து அதத்தானட்டி முணுமுணுக்க. எனக்கே பாடமாயிட்டு." "வார்டன் எதிர்லயே உக்காந்திருப்பாங்கடி. கேட்டுடுவாங்க." "கேக்கட்டும். நா எங்கூருப் பேச்சுல பொரிஞ்சா அவியளுக்கு ஒரு எழவும் புரியாது. கடல வறுக்கியான்னு போன தடவகூட கேட்டாவல்லா." சிரிப்பு வந்துச்சு, வரக்கூடாத எடத்துல, தொண்டையைக் கிழிச்சுக்கிட்டு. அவ என் சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழட்டி இடது உள்ளங்கையை விரிச்சா. போன் ரூம் வாசல்ல ரெண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பாத்துதான் உள்ள விடுவாங்க. எட்டி அவ மணிக்கட்டைப் பிடிச்சேன்.

"எழுதாத," அப்படின்னேன். "மனப்பாடம் பண்ணு."